சீல் இல்லாத ஜெராக்ஸ்

மயிலாடுதுறையில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாகச் சேர்ந்த புதிதில், மருந்துச் சீட்டுக்கு எத்தனை நாள் ஆயுள் என்று யார் கேட்டாலும் ஆறு மாதம் என்று அடித்துவிடுவேன். யாரோ சொல்லிக் கேட்டது. அப்புறம்தான் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதியை எடுத்து ஒழுங்காகப் படித்தேன். மாதக் கணக்கே அதில் இல்லை. திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தாலொழிய ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம். இத்தனை தடவை, இத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் அதன்படி. கொடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே கடைப் பெயரும் முகவரியும் தேதியும் போட்டுவிட வேண்டும். சீல் விழுந்ததும் அந்தச் சீட்டின் கதை முடிந்தது.

பிரஷர், சுகர் மாத்திரை விஷயத்தில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும்தான். ஆனால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்து வரும் ஷெட்யூல் எச்1 மருந்து, அதாவது விதிகளில் கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்றால் கை தானாக நின்றுவிடும். 2014 மார்ச்சிலிருந்து அதற்குத் தனி ரிஜிஸ்டர். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டதும் அந்த ரிஜிஸ்டரில்தான். ஒரு பெரியவர் அல்பிரசோலாம் கேட்டு வந்தார். பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, அதுவும் எச்1தான். சீட்டில் சீல் இல்லை, பதினைந்து நாளைக்கு எழுதியிருந்தது. எடுத்துக் கொடுக்கப் போனபோது சீட்டின் ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம் கண்ணில் பட்டது. கறையென்றால் பழுப்பாக இருக்கும், இது கறுப்பு. ஜெராக்ஸ்! முதல் நாள் மருந்து வாங்கும் முன்பே ஐந்தாறு பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். அவர் பெயர் மூன்று இடத்தில். மூன்றும் என் கையெழுத்து.

"ஐயா, இது பதினஞ்சு நாளைக்கு எழுதினது. இப்ப நாலாவது மாசம்."

"டாக்டர் எழுதினதுதானேம்மா? நான் என்ன கஞ்சாவா கேக்குறேன்?"

உள்ளே இருந்து முதலாளி, "பழைய கஸ்டமரும்மா, குடுத்து அனுப்பு" என்றார். எனக்கு வேறு பயம். மாதக்கணக்கில் சாப்பிட்ட இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போவது மட்டுமில்லை, வலிப்புகூட வரலாம். விதியைக் காட்டி வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்கு ஆபத்து. கொடுத்தால் நாலாவது தப்பு. முதல் தடவையே தாளைத் திருப்பிப் பார்த்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "டாக்டரை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லேன்" என்றார் பெரியவர். அதுவும் முடியாது. போதைப்பொருள் சட்டப் பட்டியலில் வரும் மருந்துகளைத் தொலைபேசி, வீடியோ ஆலோசனையில் எழுதக் கூடாது என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் சொல்கிறது. அல்பிரசோலாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சாயங்காலமே நேரில் வரச் சொன்னார் டாக்டர். என்னைத் திட்டிக்கொண்டேதான் ஆட்டோ ஏறினார் பெரியவர்.

ராத்திரி எட்டரை மணிக்குப் புதுச் சீட்டோடு வந்தார். அளவைப் படிப்படியாகக் குறைத்து, வாரம் ஒருமுறை மட்டும், நான்கு தடவை கொடுக்கவும் என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். இப்படி எழுதும் டாக்டர்கள் அபூர்வம். அந்த வாரத்துக்கு உள்ளதை மட்டும் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தேன்.

நாலாவது வாரம் சீல் போடக் கையெழுத்துக்கு மேலே இடமே இல்லை. சாய்த்துக் குத்தினேன். பெரியவர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கட்டுமாம்மா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.