ஆவணத்தில் < > போடும் முன்

லினக்ஸ் கட்டளைகளுக்கான கையேடான மேன் பக்கங்களில் கட்டளையின் வடிவம் தொடக்கத்திலேயே இருக்கும். தடித்த எழுத்தை அப்படியே தட்டச்ச வேண்டும். சாய்வெழுத்து இருக்கும் இடத்தில் நம் கோப்பின் பெயரைப் போட வேண்டும். பல டெர்மினல்களில் அது அடிக்கோடாகத்தான் தெரியும். [ ] உள்ளே இருப்பதை விட்டுவிடலாம், | வந்தால் ஏதாவது ஒன்றுதான், ... வந்தால் திரும்பத் திரும்பத் தரலாம். பெயரை ஒட்டி வரும் எண் கையேட்டின் பிரிவைக் காட்டுகிறது: குறித்த நேரத்தில் தானாக இயங்க வேண்டிய வேலைகளின் பட்டியலான கிரான்டேப்பில், கிரான்டேப்(1) கட்டளை, கிரான்டேப்(5) அந்தப் பட்டியல் கோப்பை எழுதும் முறை. நேரக் கட்டங்களுக்கு விளக்கம் தேடுபவர் 'மேன் 5 கிரான்டேப்' என்று கேட்க வேண்டும்.

தடிப்பும் சாய்வும் காப்பி செய்தால் போய்விடும். அதனால்தான் இணையத்தில் எழுதுபவர்கள் <கோப்பு> என்று போடுகிறார்கள். வம்பு அங்கேதான். நாம் தட்டும் கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு < என்றால் கோப்பிலிருந்து உள்ளீடு, > என்றால் கோப்புக்கு வெளியீடு. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை 'கேட் <கோப்பு>' என்று அப்படியே ஒட்டினால் லினக்ஸில் பரவலான ஷெல்லான பேஷ், 'நியூலைன்' (வரி முடிவு) அருகே இலக்கணப் பிழை என்று சொல்லும். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதுகூடப் பரவாயில்லை. < > முடிந்ததும் இன்னொரு கோப்பின் பெயர் வந்தால் > அதைத் திறந்து காலி செய்துவிடும், முதல் கோப்பு உண்மையிலேயே இருந்தால்.

கட்டளைக்கு முன்னால் டெர்மினல் காட்டும் குறியான ப்ராம்ப்டிலும் இதே கதை. $ சாதாரணப் பயனர், # ரூட், அதாவது முழு உரிமை உள்ள நிர்வாகி. $-ஐயும் சேர்த்து ஒட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பிழை வரும். # இன்னும் மோசம்: பேஷ் அதைக் கருத்துரையாக எடுத்துக்கொண்டு வரி முழுவதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மேக்கில் 2019 முதல் இயல்பாக வரும் இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல்லோ பிழை காட்டும். கட்டளைக்குக் கீழே அதன் வெளியீட்டையும் காட்டும்போது மட்டும் ப்ராம்ப்ட் போடுங்கள். ரூட் தேவையென்றால், அந்த உரிமையோடு இயக்கும் சூடோ கட்டளையைச் சேர்த்தே எழுதிவிடலாம்.

இணையதளம் உருவாக்கும் கருவியான ஜெகில், நாம் எழுதியதை வலைப்பக்கமாக மாற்ற இயல்பாகப் பயன்படுத்தும் கிராம்டவுன், கோட் பிளாக்குக்கு (கட்டளையை அப்படியே காட்டும் பகுதிக்கு) வெளியே இருக்கும் -- குறியை ஒரே நீளக் கோடாகவும் நேர் மேற்கோளை வளைந்ததாகவும் மாற்றிவிடும். ஷெல்லுக்கு வளைந்தது மேற்கோளே அல்ல. இடைவெளி உள்ள கோப்புப் பெயர் இரண்டாக உடையும். வரியைத் தொடரப் போடும் \ குறிக்குப் பின் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலும் கட்டளை அங்கேயே முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் இதைத் தேடித்தான் அதிக நேரம் போகும்.

தமிழில் எழுதும்போது சிக்கல் இன்னும் கூடும். லினக்ஸோடு வரும் குனு கருவிகளின் உதவித் திரை, மாற்ற வேண்டிய சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் காட்டும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. சாய்வும் பெரும்பாலும் உலாவி செயற்கையாகச் சாய்த்துக் காட்டுவதுதான். உங்கள்_கோப்பு என்று அடிக்கோட்டால் இணைத்து எழுதுவதே நல்லது. மாற்றாமல் ஒட்டினாலும் பெரும்பாலும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதோடு நின்றுவிடும்.

வேற்றுமை உருபையும் கட்டளையோடு ஒட்டாதீர்கள். கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளைக்கு 'கிரெப்-ஐ இயக்கவும்' என்று எழுதினால் அந்தச் சிறு கோடு கட்டளையின் தெரிவோ என்று புதியவர் குழம்புவார். 'கிரெப் கட்டளையை இயக்கவும்' என்று எழுதி, கோட் எழுத்துருவைக் 'கிரெப்' என்பதோடு நிறுத்திவிடுங்கள்.