நாற்காலிக் கணக்கும் திருத்தும் கணக்கும்

ஒரு பாடத்துக்கு எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதை, மண்டபத்தில் எத்தனை நாற்காலி கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கால அட்டவணைப் பிரிவில் இருக்கிறேன். செமஸ்டர் தொடங்குமுன் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் உச்சவரம்பை எழுதுவது எங்கள் வேலை. அந்த எண்ணுக்காக வரும் சண்டைகளில் நாற்காலியால் வந்தவை குறைவு.

நாற்காலிக் கணக்கில் பேரம் கிடையாது. அறையின் பரப்பளவு, வெளியேறும் வழியின் அகலம் இவற்றை வைத்து எத்தனை பேர் இருக்கலாம் என்று கணக்கிட 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள் வழி சொல்கின்றன. பொம்பா எனும் தீயணைப்புத் துறை அதிகாரிகள் முன்னால் போய் "இன்னும் பத்துப் பேர்" என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் லேப் இன்னும் சுலபம். 30 கணினி இருந்தால் 28 என்று போடுவேன். எந்த வாரம் எட்டிப் பார்த்தாலும் இரண்டு திரைகளில் 'ரோசாக்' (பழுது) என்று தாள் ஒட்டியிருக்கும்.

தகராறெல்லாம் மாணவர் எழுதியதைத் திருத்தும் கணக்கில்தான். ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று மலேசியத் தகுதி முகமை வரையறுத்திருக்கிறது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. அதைப் பாடத்திட்டப் படிவத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும். அந்த மாணவர் எழுதியதை விரிவுரைஞர் எத்தனை மணி நேரம் படிப்பார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அதனால் நானே ஓரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வேன். 60 பேர், ஆளுக்கு இரண்டு கட்டுரை, ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 40 மணி நேரம். அதே ஆளுக்கு இப்படி மூன்று பாடம் இருந்தால் 120 மணி. வகுப்பு எடுப்பது, கூட்டத்துக்குப் போவது, இறுதித் தேர்வுத் தாள் தயாரிப்பது எல்லாம் இதில் சேரவில்லை.

அப்படியும் எண்ணைக் கூட்டினால் என்ன ஆகும்? வெளிப்பார்வைக்கு ஒன்றும் ஆகாது. வகுப்பு நடக்கும், மதிப்பெண்ணும் நாள் தவறாமல் வரும். ஆனால் அடுத்த வருடம் பாடத்திட்டத்தைப் புரட்டினால், 2,000 சொல் கட்டுரை இருந்த இடத்தில் ஆன்லைன் வினாடி வினா வந்திருக்கும். விரிவுரைஞரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமைகளை எத்தனை வருடம்தான் தாரை வார்ப்பார்?

டியூட்டோரியல் எனும் சிறு குழு வகுப்பிலும் இதே கதைதான். 14 வார செமஸ்டர், வாரம் ஒரு மணி நேரம். ஒருவர் பேசிக் கேள்விக்குப் பதில் சொல்லி அமர 15 நிமிடம் என்றால் 28 பேருக்கு ஏழு வாரம். பாதி செமஸ்டர் அதிலேயே போய்விடும். ஆகவே விரிவுரைக்கு 200 என்றால் நான் மறுப்பதில்லை, டியூட்டோரியலில் 20ஐத் தாண்ட விடுவதில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் வகுப்பு அளவு பற்றிய அமெரிக்காவின் டென்னசி மாநில ஸ்டார் ஆய்வை எடுத்துப் போட்டார். 1985இல் தொடங்கியது, 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள் 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட நன்றாகச் செய்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அது பாலர் பள்ளி முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும். இருபது வயதுப் பிள்ளைக்கு நாற்காலி எண்ணிக்கையைவிட, தான் எழுதியதை ஒருவர் படித்தாரா என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரம்பு போட்டால் யாராவது வெளியே நிற்கத்தான் செய்வார்கள். "கா, ஒரே ஒரு இடம்தான் கா. பின்னாடி நாற்காலி சும்மாதானே இருக்கு?" என்று முகப்பில் வந்து நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இறுதியாண்டு. காலை ஒன்பது மணிக்குப் பதிவு திறந்தால் வேகமான இணையம் உள்ளவன் முதலில் நுழைந்துவிடுகிறான். தோட்டத்து வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் திறக்கும்போது 'கெலாஸ் பெனு' (வகுப்பு நிரம்பிவிட்டது) என்று காட்டுகிறது. ஒரு பாடத்துக்காக ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் கட்டணம், வாடகை, பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் எல்லாம் கூடவே தள்ளிப்போகும். இப்போது ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து இடங்களைப் பூட்டி வைத்து, பாடங்களைச் சேர்க்கவும் விடவும் இடம் தரும் ஆட் டிராப் வாரத்தில் இறுதியாண்டினருக்குத் திறக்கிறோம். டீன் அலுவலகத்திலிருந்து போன் வந்தாலும் அந்த ஐந்தில் கை வைப்பதில்லை. சிலருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

எங்கள் அட்டவணையில் உச்சவரம்புக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்சம் என்று இன்னொரு கட்டம் உண்டு. பத்துப் பேர் சேராவிட்டால் விருப்பப் பாடம் மூடப்படும். தமிழுக்கு வரும் தலைவலி இந்தக் கட்டத்தில்தான். நாட்டில் 150க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள தமிழ்ப்பள்ளிகள் நிறைய. அங்கிருந்து வந்து, விருப்பப்பட்டுத் தமிழை எடுக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் எங்களுக்கு ஓர் எண். சென்ற செமஸ்டர் 12 பேர் வந்தார்கள்.

அந்தப் பாடத்தை நடத்தும் ஐயா இம்முறை வந்து, "வரம்பை அம்பதாப் போட்டுரும்மா. நெறையப் பேர் வரலாம்னு தெரியட்டும்," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். "ஐயா, மேலே இருக்கிறவங்க ஆளைப் பார்க்கிறதில்ல, விழுக்காட்டைத்தான் பார்க்கிறாங்க. அம்பதில பன்னிரண்டுன்னா 24 விழுக்காடு, சிவப்பு மை. இருபதில பன்னிரண்டுன்னா 60, யாரும் கேக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "இருபத்தோராவது ஆள் வந்தா?"

"ரெண்டாவது குழு திறப்போம் ஐயா. அதுக்கு நான் டீன்கிட்ட சண்டை போடுறேன்."

20 என்று அடித்துச் சேமித்தேன்.