கம்பத்துக்குப் பின்னால் ஒரு வீடு

"கம்பம் இருக்கிற வரைக்கும்தான் நாங்க நிம்மதியாத் தூங்குறோம் தம்பி, அதைத் தள்ளி நட்டுடாதீங்க" என்று, சாலை வளைவில் மின்கம்பத்துக்குப் பின்னால் இருந்த வீட்டு அம்மா சொன்னார். "கம்பம் கம்பியைத் தாங்கத்தாம்மா, வண்டியைத் தாங்க இல்ல" என்றேன். மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் கேட்டதற்கு அது பதிலா என்பதில்தான் தெளிவில்லை.

வளைவின் வெளிப்பக்கத்தில் நின்ற 9 மீட்டர் கான்கிரீட் கம்பம் அது. சாலையை அகலப்படுத்தியபோது தார் கம்பத்தை நெருங்கி வந்ததே தவிர, கம்பம் நகரவில்லை. ஓரத்தில் உயர்த்திய கரைக்கல் இல்லாத சாலையில் வெறும் விளக்குக் கம்பமே தார் விளிம்பிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரசின் 32ஆம் எண் நெறி. இங்கே ஒரு முழங்கூட இல்லை. வண்டி இடிக்கும், கம்பம் ஒடியும், அதே குழியில் புதுக் கம்பம் ஏறும். கடைசி முறையும் போர்மேன், "அதே குழியில நட்டா சாயங்காலத்துக்குள்ள சப்ளை கொடுத்துடலாம் சார்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை: கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது, கம்பியில் ஒட்டுப் போட வேண்டாம், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் புதிதாகத் தோண்டவும் வேண்டாம். இடித்த வண்டிக்காரரிடம் வசூலிக்கும் மதிப்பீட்டிலும், இருந்ததை இருந்தபடி நிறுத்தும் செலவுக்குத்தான் இடம் உண்டு.

ஆனால் கம்பத்தை மலிவாகத் தள்ளி நட அதைவிட நல்ல நேரம் வராது. புதுக் கம்பம், ஆட்கள், மின்நிறுத்தம் மூன்றும் ஏற்கெனவே செலவில் சேர்ந்துவிட்ட நிலையில், கூடுதலாக ஆவது ஒரு குழியும் கொஞ்சம் கம்பியும் சில மணி நேரமும்தான். கறுப்பு மஞ்சள் பட்டையும் ஒளிரும் ஸ்டிக்கரும் இன்னும் மலிவு என்றாலும், அவை விழித்திருக்கும் ஓட்டுநருக்கே உதவும் (கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அவற்றின் மேலேயே ஒட்டப்படுவது தனிக்கதை). உட்பக்கம் நடலாம் என்றால், வளைவில் கம்பிகள் உட்பக்கமாகவே இழுக்கும், அதை எதிர்த்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி சாலையின் மேல் வந்துவிடும். ஆகவே வாய்க்காலுக்கு அப்பால், அந்த அம்மாவின் சுற்றுச்சுவர் மூலையில் நட வைத்தேன். இரவு வெகுநேரம் கழித்தே சப்ளை வந்தது.

அதன் பிறகு அந்தக் கம்பத்தில் எதுவும் மோதவில்லை. ஆனால் ஒரு மதிய வேளையில் சரக்கு வேன் ஒன்று, கம்பம் முன்பு நின்ற இடத்தின் வழியாகவே போய், வாய்க்காலைத் தாண்டி, சுவரை உடைத்துத் திண்ணை ஓரத்தில் நின்றது. ஓட்டுநர் தானாகவே இறங்கி வந்தார். திண்ணையில் அந்நேரம் யாரும் இல்லை. எங்கள் பதிவேட்டில் இது கம்ப விபத்தே அல்ல.

கம்பம் அங்கேயே இருந்திருந்தால் மோதலின் வேகம் முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கி ஓட்டுநரின் இருக்கை வரை வந்திருக்கலாம். கம்பம் ஒடிந்து 11 கிலோவோல்ட் கம்பி வண்டிமேல் விழுந்திருந்தால், உதவிக்கு முதலில் ஓடி வரக்கூடிய அந்த அம்மாவுக்கே ஆபத்து. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது கணக்கு நேராகிவிடுகிறது. திண்ணையை நினைத்தால் மறுபடி கோணலாகிறது: ஓட்டுநரின் ஆபத்தைக் குறைத்தேனா, அதில் ஒரு பங்கைக் கேட்காமலே அந்த வீட்டுக்கு மாற்றினேனா? கேட்காமல் என்று சொல்வதும் பொருந்தாது. அவர் வேண்டாம் என்றே சொன்னார்.

இரும்புத் தடுப்பு அமைக்கச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினேன். வளைவுக்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாகப் போட்டால்தான் தடுப்பு வேலை செய்யும், நடுவில் அந்த வீட்டு வாசல் திறக்கிறதே என்றார்கள். அதுவும் உண்மை. அடுத்த வளைவுக்கான மதிப்பீட்டில், ஒவ்வொரு கம்பத்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து இணைத்தேன். அதைப் பார்த்த எங்கள் உதவி செயற்பொறியாளர் (ஏ.இ.இ.), "இது நம்ம வேலை இல்லையேப்பா" என்றார். விதிப்படி அவர் சொல்வது சரி; படத்தை மதிப்பீட்டிலிருந்து நான் இன்னும் நீக்கவில்லை.