ஒரு மேற்கோள்குறி தப்பினால் கோப்பு முழுக்கச் சரம்

வெறும் மார்க்டவுன் கோப்பு என்றால், உள்ளே வரும் நிரல் துண்டுகளுக்கு நிறம் வர விம் எடிட்டரில் மொழிப் பட்டியலை நிரப்பினால் போதும். இது சொந்தக் குறிப்பு வடிவம்; மேலும் கீழும் பேக்டிக் (`) வரி போட்ட வேலிக்குள் ஷெல், பைத்தான், எஸ்கியூஎல் மூன்றும் கலந்து வரும். எதற்கு எந்த நிறம் என்று விம்முக்குச் சொல்லும் சின்டாக்ஸ் கோப்பைக் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. ஒருவழியாக நிறம் ஒழுங்காக விழுகிறது.

முதல் இடறல் சின்னது. அந்தந்த மொழியின் சின்டாக்ஸ் கோப்பை 'இன்க்ளூட்' கட்டளையால் என் கோப்புக்குள் இழுத்தேன். ஷெல்லுக்கு நிறம் வந்தது, பைத்தானுக்கு வரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. ஒவ்வொரு சின்டாக்ஸ் கோப்பும் எடுத்த எடுப்பில் 'கரண்ட் சின்டாக்ஸ்' மாறி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அப்படியே திரும்பிவிடும். ஷெல் கோப்பு போகிற போக்கில் அதை வைத்துவிட்டுப் போகிறது. ஒவ்வொரு இன்க்ளூடுக்கும் முன்னால் அந்த மாறியை அழிக்கும் 'அன்லெட்' ஒன்று, ஆச்சரியக்குறியோடு. தீர்ந்தது.

உண்மையான தலைவலி கசிவு. ஷெல் துண்டில் மூடாத ஒற்றை மேற்கோள் ஒன்று போதும்: சரம் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) வேலியைத் தாண்டி ஓடும், அடுத்த பத்தி, அடுத்த பைத்தான் துண்டு எல்லாமே சர நிறம். ஷெல்லில் சரம் பல வரி நீளலாம் என்பதால் உள் இலக்கணத்தின் மேல் தப்பில்லை. வேலி முழுவதையும் ஒரே பகுதியாகக் குறிக்கும் வெளி ரீஜனில் 'கீப்எண்ட்' போட்டால் வேலி மூடும் இடத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெட்டுப்படும். உள் உருப்படி எதிலாவது 'எக்ஸ்டெண்ட்' இருந்தால் மட்டும் இந்த வெட்டு செல்லாது; கசிவு தொடர்ந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

கீப்எண்டுக்கும் ஒரு விலை உண்டு. ஹியர்டாக்குக்குள் (ஷெல்லில் பல வரி உரையை அப்படியே எழுதும் முறை) மூன்று பேக்டிக் வரி வந்தால் வெளி ரீஜன் அங்கேயே முடிந்துவிடும். அதனால் தொடக்க பேட்டர்னில் பேக்டிக் வரிசையை இசட் பிடிப்பில் பிடித்து, முடிவில் அதையே திருப்பிக் கேட்கிறேன். அதற்குப் பின் கூடுதல் பேக்டிக், வெற்றிடம் மட்டும் வரலாம், வேறெதுவும் கூடாது. வெளியே 4, உள்ளே 3 என்றால் இப்போது சிக்கல் இல்லை.

கோப்பின் கடைசிக்குத் தாவினால் நிறம் தலைகீழாவது இன்னொரு எரிச்சல். இழுத்துக்கொண்ட ஷெல் கோப்பு தன் ஒத்திசைவு அமைப்பையும் (எந்த வரியிலிருந்து நிறத்தைக் கணக்கிடுவது என்ற விதி) சேர்த்தே கொண்டுவந்திருந்தது. இன்க்ளூட் எல்லாம் முடிந்தபின் அதை அழிக்க 'சிங்க் கிளியர்', அடுத்து கோப்பின் தொடக்கத்திலிருந்தே கணக்கிடச் சொல்லும் 'ஃப்ரம்ஸ்டார்ட்'. பெரிய கோப்பில் இது இழுக்கும். திரையை வரையும் நேரம் 'ரீட்ராடைம்' வரம்பை (இயல்பாக 2000 மில்லிநொடி) தாண்டினால் விம் நிறத்தையே கைவிட்டுவிடும். நடுவிலிருந்தே கணக்கைத் தொடங்க அடையாள வரியைச் சொல்லும் 'சிங்க் மேட்ச்' எழுதலாம்தான், ஆனால் மொழிப் பெயரில்லாத தொடக்க வேலியும் மூடும் வேலியும் ஒரே அச்சு. பெயரில்லாத துண்டுகளுக்கெல்லாம் 'டெக்ஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறேன், பாதிதான் முடிந்தது.

அதற்குள் ட்ரீ-சிட்டர் என்ற இலக்கணப் பகுப்புக் கருவியின் பக்கம் கண் போகிறது. அங்கே ஒவ்வொரு துண்டும் தன் எல்லைக்குள்ளேயே பார்ஸ் ஆகும், ஒன்றின் மேற்கோள் மற்றதைத் தொடாது. துண்டுக்குள் இன்ன மொழி என்று சொல்லும் இன்ஜெக்ஷன் விதியில் 'கம்பைண்ட்' மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் ஒரே மொழியின் துண்டுகளெல்லாம் ஒரே ஆவணமாகப் பார்ஸ் ஆகி, பழைய கசிவு மறுபடி வரும்.