குமுளியில் ஒரு துவர்ப்பு

கம்பத்தில் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், கூடலூர் தாண்டும்வரை பந்தல் போட்ட திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். லோயர் கேம்ப்பில் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெருங்குழாய்கள் தென்பட்டதும் வளைவுகள் தொடங்கும். குமுளியில் இறங்கும்போது ஏலக்காய் வாசனை வந்துவிடும். சென்ற மாதம் நானும் பெரியப்பாவும் அப்படித்தான் போய் இறங்கினோம். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் மருத்துவராக இருக்கிறாள். ஜார்ஜியாவின் திபிலிசியில் படித்தவள். தோழியின் திருமணத்துக்காக மீண்டும் அங்கே போய்விட்டுக் கொச்சி வழியாகத் திரும்பியபோது ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தாள்.

ஆரஞ்சு ஒயின் என்று பெயர். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்ததும் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் அது வெள்ளை ஒயின். கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின். வெள்ளைத் திராட்சையையும் அதேபோலத் தோலும் விதையுமாக ஊறவிட்டால் கிடைப்பது இது. பெயரை 2004இல் இட்டவர் டேவிட் ஹார்வி என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர். ஜார்ஜியர்கள் அம்பர் ஒயின் என்றே சொல்கிறார்கள்.

எங்கள் பாட்டிலில் இருந்தது ர்கத்ஸிதெலி என்னும் வெள்ளைத் திராட்சை இரகம். ஜார்ஜியாவின் கக்கேத்தி வட்டாரத்தில் இதற்கென்றே க்வெவ்ரி என்ற மண்தாழி உண்டு. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை நிலத்தில் புதைத்த அந்தத் தாழியில் சாறும் தோலும் விதையும், சில வீடுகளில் காம்பும்கூட, ஐந்தாறு மாதம் ஒன்றாகக் கிடக்கும். அடிப்பகுதி கூம்பியிருப்பதால் விதைகள் தாமாகவே கீழே போய் அடங்கிவிடும். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் அந்நியமாகத் தெரியாது, பயன்தான் வேறு.

முதல் தவறு என்னுடையது. வெள்ளைத் திராட்சைதானே என்று பாட்டிலை இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை ஊற்றியபோது கசப்பும் கரகரப்பும் தவிர வேறெதுவும் நாக்குக்கு எட்டவில்லை. பிறகுதான் தங்கை சொன்னாள், இதைச் சிவப்பு ஒயினைப்போல இலேசான குளிர்ச்சியில் குடிக்க வேண்டுமாம். திண்ணையில் வைத்துவிட்டு முக்கால் மணிநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் அது வேறு பானம். கொதித்து இறங்கும் பாகின் நிறம், சற்றே கலங்கல், காய்ந்த பழத்தோலும் தேயிலையும் சேர்ந்த வாசம். விழுங்கிய பிறகு ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகிப் பிடித்தன. வெள்ளை ஒயினில் அநேகமாக இல்லாத இந்தப் பிடிப்பு, தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது. நான் அதைச் சுற்றிவளைத்து விளக்கிக்கொண்டிருக்க, பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "துவர்ப்புடா. பச்சைப் பாக்கு மென்ன மாதிரி இருக்கு" என்று முடித்துவிட்டார். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிப் பழகிய மொழியில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முப்பது வருடமாகப் பன்னீர்த் திராட்சை போடுகிறவர் அவர். அடுத்த கேள்வி அவரிடமிருந்துதான் வர முடியும்: "தோலோட ஆறு மாசம் ஊறுதுன்னா, தோல்ல அடிச்ச மருந்தும் சேர்ந்துதானே ஊறும்?" பாட்டிலின் பின்புறம் நட்சத்திரங்களால் ஆன இலைச் சின்னத்தைத் தங்கை காட்டினாள், ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை முத்திரை அது. செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் அதில் கூடாது. தோலை எறிந்துவிடும் வெள்ளை ஒயினைவிட, தோலையே நம்பியிருக்கும் இதற்கு அந்த முத்திரை கூடுதலாக அவசியம் என்றுதான் எனக்கும் பட்டது.

"அப்ப அடிச்சாம்பல் நோய் வந்தா என்ன பண்ணுவாங்க?"

மயில்துத்தம் போன்ற தாமிர மருந்து அடிக்கலாம், தாமிரத்துக்கும் கணக்கு உண்டு, 7 ஆண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோதான் என்றேன். சாம்பல் நோய்க்குக் கந்தகமும் அனுமதிதான்.

பெரியப்பா டம்ளரின் அடியில் நின்ற வண்டலைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "மயில்துத்தமும் கந்தகமும் அடிக்கலாம்னா, நானும் பாதி இயற்கை விவசாயிதான்டா."