பாத்ரூம் கைப்பிடியை எங்கே, எப்படி மாட்டுவது?

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதல் செலவு பாத்ரூமுக்குத்தான். டவல் ராடைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது துண்டு காயப்போட வைத்தது, ஆள் எடையைத் தாங்காது. டைல்ஸில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் கைப்பிடியையும் நம்ப வேண்டாம். கப்புக்கடியில் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், கழன்றுவிடும்.

சுவரில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் கம்பிதான் சரி. கனம் ஒன்றேகால் அங்குலம், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். இடைவெளி அதிகமானால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் என்பது பொதுக்கணக்கு. அதைவிட, பெரியவரைக் கமோடில் உட்காரவைத்து, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்துப் பென்சிலால் குறிப்பது மேல்.

கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி வைத்திக்குப்பம் மாதிரிக் கடலோரத்தில் ஸ்டீலும் துருப்பிடிக்கும். ஸ்டீலின் தரத்தை எண்ணால் சொல்வார்கள்: 304 பரவாயில்லை, 316 கிடைத்தால் விடாதீர்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பார் கடைக்காரர். மட்டமான 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கம்பியோடு வரும் ஸ்க்ரூவையும் பாருங்கள். முலாம் பூசிய இரும்பாக இருந்தால் ஸ்க்ரூவை மறைக்கும் மூடிக்குள்ளேயே அரித்துப்போகும், வெளியே கம்பி பளபளவென்று நிற்கும். ஸ்டீல் ஸ்க்ரூவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

டைல்ஸும் பூச்சும் சேர்ந்தே ஓர் அங்குலம் போய்விடும். அதைத் தாண்டி, ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் செங்கலுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு. அதனால் மூன்று அங்குல ஸ்க்ரூ வேண்டும். டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமரை அணைத்துவிட்டு டைல்ஸ் பிட்டால் துளையிடுங்கள். செங்கல் வந்த பிறகு ஹேமர் போடலாம். பழைய சுண்ணாம்புச் சுவரிலும் ஹாலோ பிளாக்கிலும் சாதா பிளக் நிற்காது, துளைக்குள் பசை விட்டுப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான். மாட்டி முடித்ததும், கெமிக்கல் ஆங்கர் என்றால் பசை நன்றாக இறுகிய பிறகு, உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள்.

பலரும் கவனிக்காதது கதவு. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்து, விழுந்தவர் அதன் மேலேயே கிடந்தால் யாராலும் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்யுங்கள். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பும் பூட்டு போட்டால் பெரியவர்களும் முறைக்க மாட்டார்கள்.

முற்றம் வைத்த வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் தூவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தென்னை விளக்குமாறால் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், மூச்சடைக்கும் வாயு வரும். எண்ணெய்க் குளியலன்று, உட்கார்ந்தவர் எழுவதற்கு முன்பே தரையில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலசிவிட வேண்டும். மிதியடியாகப் போடும் பழைய புடவைத் துணிக்கு இந்த வீட்டில் வேலையே இல்லை.

இரவு வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் ஹாலோடும் படுக்கையறையோடும் நின்றுவிடும். பாத்ரூமுக்கும் இழுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதில் சார்ஜ் ஏறும் பல்பு மாட்டினால், ஸ்விட்ச் போட்டிருக்கும்போது மட்டும்தான் அது சார்ஜ் ஆகும். பாத்ரூம் விளக்கோ நாளைக்குப் பத்து நிமிடம் எரிந்தால் அதிகம். அதனால் கரண்ட் போகும் ராத்திரியில் அது எரியாது. வாரம் ஒருநாள் பகல் முழுக்க எரியவிடுங்கள்.