பட்டாவோடு நின்றுவிடாதீர்கள்

தருமபுரியின் சித்தேரி மலையானாலும் கிருஷ்ணகிரியின் அஞ்செட்டிக் காடானாலும், காட்டை நம்பி வாழ்பவர்களின் உரிமையை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் என்றதும் "பட்டா கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் தனிநபர் மனுவான படிவம் 'அ'வோடு ஊர் நின்றுவிட்டால் குடியிருக்கிற, உழுகிற நிலம் மட்டும்தான் கணக்கில் வரும். புளி உலுக்கும் மரம், தேன் எடுக்கும் பாறை, மாடு மேயும் கரடு, சுடுகாட்டுத் தடம் எதுவும் வராது. ஒரு திட்டம் வந்தால் முதலில் பறிபோவது அவைதான். அதனால் சமூக உரிமைக்கான படிவம் 'ஆ', ஊர் வழிவழியாகக் காத்துவரும் காட்டையே கோரும் படிவம் 'இ' இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

மனு சறுக்குவது பெரும்பாலும் கிராம சபையில். சபை உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமைத் தீர்மானம் என்றால் மனுதாரர்களிலும் பாதிப்பேர் இருந்தாக வேண்டும். மலை முழுக்கச் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் ஊராட்சியில் இது நடக்காது. சிற்றூர் அளவிலேயே சபை கூட்டலாம் என்று பழங்குடியினர் விவகார அமைச்சகம் 2012இல் வழிகாட்டியிருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். மனுக்களைச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

கோரும் இடத்தின் எல்லையைக் குழு நேரில் நடந்து பார்ப்பதற்கு முன் வனத்துறைக்குக் கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். வனத்துறையினர் வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபம் சொன்னால் மறு ஆய்வு நடக்கும்; அதற்கும் வராவிட்டால் சபையின் முடிவே இறுதி. பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடங்கள். எல்லை மோதினால் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி.

சான்று குறைந்தது இரண்டு வேண்டும். ரேஷன் கார்டு ஒரு சான்று. பழைய கல் வரப்பு, கிணறு, சமாதி, சாமி இடம் ஆகியவையும் சான்றுதான். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு எழுதுங்கள். மனுதாரர் அல்லாத பெரியவரின் வாக்குமூலமும் செல்லும். அந்தக் காலத்தில் காட்டில் உழுததற்காகப் போட்ட வழக்கின் நீதிமன்ற உத்தரவு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பே அங்கே உழுதீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியவில்லை என்று சொல்லி மட்டும் மனுவைத் தள்ள முடியாது. அந்தப் படம் துணைச் சான்று, அவ்வளவுதான்.

சாலை, பள்ளிக்கூடம், குடிநீர் போன்றவற்றுக்குக் காட்டு நிலம் பெற இதே சட்டத்தின் பிரிவு 3(2) வேறு வழி தருகிறது: ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபைப் பரிந்துரையோடு.

இந்தப் பக்கக் காட்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும் தெற்குச் சரணாலயம் 2022இலும் வந்தன. சரணாலயத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும். உரிமை சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). காலி செய்யச் சொல்லி யாராவது வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மனு தள்ளுபடியானாலும் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முடிவு எடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு போட்டாக வேண்டும்.